ஆய்வு ஆர்வம்: மூன்று வரிகளுக்கு மிகாமல்

கூட்டத்துக்குத் தாமதமாகப் போனால் முன்வரிசைதான் கிடைக்கும். முன்வரிசையில் உட்கார்ந்தால் வேலை கிடைக்கும். எங்கள் பயன்பாட்டுப் பொருளியல் துறையின் ஆண்டுக் கையேட்டில் முனைவர் பட்ட மாணவர்கள் பகுதியைத் தொகுக்கும் பொறுப்பு அப்படித்தான் என் தலையில் விழுந்தது. மொத்தம் 23 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு படம், பெயர், சேர்ந்த ஆண்டு, அதன் கீழே "ஆய்வு ஆர்வங்கள்" என்று மூன்று வரிகளுக்கு மிகாமல் ஒரு குறிப்பு. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். ஆறு வாரம் ஆயிற்று.

முதல் சுற்றில் எல்லோரும் சொன்ன தேதிக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பதினேழு பேரின் குறிப்பில் "வளர்ச்சிப் பொருளியல்" இருந்தது. பன்னிரண்டு பேர் "காரண-விளைவு மதிப்பீட்டு முறைகள்" என்று முடித்திருந்தார்கள். மீதி இடத்தைத் தொழிலாளர், சுகாதாரம், சுற்றுச்சூழல், வேளாண்மை ஆகிய நான்கு சொற்களும் முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டன. பெயர்களைக் கையால் மறைத்துவிட்டுப் படித்தால் எது யாருடையது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. நான்கு ஆண்டுகளாக இவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறவன் நான்.

என் குறிப்பு மட்டும் என்ன வாழ்ந்தது? "வேளாண் பொருளியல், வளர்ச்சிப் பொருளியல், இடரும் காப்பீடும்." காப்பீட்டைப் பற்றி நான் கடைசியாக யோசித்து இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்படி எழுதுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டில் வேலை தேடும்போது ஒரே பணியிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. தேர்வுக் குழு முதலில் பார்ப்பது உட்துறையைத்தான். இந்த ஆண்டு சுற்றுச்சூழல் ஆள் வேண்டும் என்று முடிவு செய்திருந்தால், அந்தச் சொல் இல்லாத விண்ணப்பம் சல்லடையில் விழுந்துவிடும். ஆகவே நாலு சல்லடையிலும் நிற்கிற மாதிரி நாலு சொல்லைப் போட்டு வைக்கிறோம். ஆளுக்கு நாலு சொல் போட்டால் எந்தச் சொல்லுக்கும் எடை இராது என்பது வேறு விஷயம். அமெரிக்கப் பொருளியல் சங்கம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, 2006-இலிருந்து வேலை தேடுபவர்கள் தலா 2 இடங்களுக்கு மட்டும் "உங்களிடம் எனக்கு உண்மையாகவே விருப்பம்" என்று சமிக்ஞை அனுப்ப இடம் கொடுத்தது. எண்ணிக்கை குறைவு என்பதால்தான் அதற்கு மதிப்பு. பொருளியலாளர்கள் தங்கள் சொந்த வேலைச் சந்தையையும் பாடப்புத்தகத்தின்படியே நடத்துகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு கோணல் மகிழ்ச்சி உண்டு.

பொருளியல் கட்டுரைகளுக்கென்று ஜே.இ.எல். (ஜர்னல் ஆஃப் எகனாமிக் லிட்டரேச்சர்) குறியீடு என்ற வகைப்பாட்டுப் பட்டியலும் இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பெரும்பிரிவு. ஐ என்றால் சுகாதாரம், கல்வி, நலன். ஜே என்றால் தொழிலாளர். ஓ என்றால் வளர்ச்சி. க்யூ என்றால் வேளாண்மை, இயற்கை வளம், சுற்றுச்சூழல். எஸ் முதல் எக்ஸ் வரையிலான எழுத்துகளை இன்னும் யாருக்கும் ஒதுக்கவில்லை. கட்டுரை எழுதி முடித்து நள்ளிரவில் குறியீடு தேடும்போதெல்லாம், நான் செய்வது அந்தக் காலி எழுத்துகளில் ஒன்றில்தான் இருக்கிறது என்று தோன்றும்.

முதல் சுற்றுக் குறிப்புகளைத் தூக்கி வைத்துவிட்டு, ஆள் ஆளாகப் போய் வேறொரு கேள்வி கேட்டேன். "கடந்த ஒரு மாதத்தில் எதோடு அதிகம் மல்லுக்கட்டினீர்கள்?"

"சுகாதாரப் பொருளியல், முதியோர் நலன்" என்று எழுதியிருந்தவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஒரு வரைபடத்தைக் காட்டினார். அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளில் ஒரு நோயின் எண்ணிக்கை. சமதளமாகப் போய்க்கொண்டிருந்த கோடு 2015-இன் கடைசிக் காலாண்டில் படிக்கட்டில் ஏறுவதுபோல் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. 2015 அக்டோபர் 1 அன்று அங்கே நோய்களின் குறியீட்டு முறை ஒன்பதாம் பதிப்பிலிருந்து பத்தாம் பதிப்புக்கு மாறியது. சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் சுமார் 70,000 ஆயின. "அன்று இரவு யாருக்கும் உடம்பு மாறவில்லை, பெயர்தான் மாறியது. ஆறு மாதமாகப் பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் உறவுமுறை தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார். முதியோர் நலன் எங்கே என்று கேட்டேன். அது மூன்றாவது அத்தியாயத்தில் வரும் என்றார். கட்டணப் பட்டியலில் எழுதப்படும்போது ஒரு நோய் எப்படி இன்னொரு நோயாகிறது என்பதை அவர் விளக்கிய உற்சாகத்தில் பத்தில் ஒரு பங்கு கூட அந்த அத்தியாயத்தின் பெயரைச் சொன்னபோது குரலில் இல்லை.

அடுத்த மேசைக்காரர் சாலைகளும் ஊரக வளர்ச்சியும் பற்றி ஆராய்கிறவர். கணக்கெடுப்பு சரியாக நடக்காத இடங்களில் வளர்ச்சியை அளக்க, செயற்கைக்கோள் எடுத்த இரவு வெளிச்சப் படங்களைப் பயன்படுத்துகிறார். அதில் அவருக்கு இரண்டு பகைவர்கள். பழைய செயற்கைக்கோள் வரிசையில் ஒரு புள்ளியின் வெளிச்சம் 0 முதல் 63 வரைதான் பதிவாகும். பெருநகர் நடுவில் எல்லாப் புள்ளிகளும் 63-இல் போய் முட்டி நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் அந்த நகரம் எவ்வளவு வளர்ந்தாலும் படத்துக்குத் தெரியாது. இரண்டாவது பகைவன், ஒரே ஆண்டில் இரண்டு செயற்கைக்கோள்கள் ஒரே ஊரைப் பார்த்துவிட்டு இரண்டு விதமாகச் சொல்வது. 2012 முதல் கிடைக்கும் புதிய கருவியின் படங்கள் மேலானவைதான், ஆனால் அவர் ஆராயும் சாலை அதற்கு முன்பே போட்டு முடித்ததாயிற்றே. மாலைகளில் அவர் அறை விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

குறைந்தபட்சக் கூலியைப் பற்றி ஆராய்பவரிடம் கொஞ்ச நேரம்தான் பேச நினைத்தேன். ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. இந்தத் தலைப்பில் எவரும் தப்ப முடியாத கட்டுரை டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994-இல் வெளியிட்டது. 1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்திலுள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. எல்லையின் இரு பக்கத்திலும் 410 துரித உணவகங்களைத் தொலைபேசியில் அழைத்து, உயர்வுக்கு முன்பும் பின்பும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். கூலி உயர்ந்த பக்கத்தில் வேலை குறைந்ததற்கான அடையாளம் இல்லை என்ற முடிவு பொருளியலாளர்களை இரண்டு முகாமாகப் பிரித்து வைத்தது.

அந்த முடிவெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அவர் எனக்குக் காட்டியது அந்தக் கட்டுரையின் முதல் அட்டவணையை. இரண்டாம் சுற்றில் அந்த 410 கடைகளில் 6 நிரந்தரமாக மூடியிருந்தன, 2 புதுப்பிப்பில் இருந்தன, 2 தற்காலிகமாக மூடியிருந்தன, 1 பதில் சொல்ல மறுத்தது, 399 பதில் சொல்லின. தொலைபேசியில் அகப்படாத கடைகளுக்கு ஆளையே நேரில் அனுப்பி, கடை திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள். மூடிய கடையை விட்டுவிட்டுத் திறந்த கடைகளை மட்டும் எண்ணினால் கூலி உயர்வு யாரையும் பாதிக்கவில்லை என்றுதானே வரும்! "எல்லோரும் முடிவைப் படிக்கிறார்கள். நான் இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வந்தேன்" என்றார். அவருடைய சொந்தக் கணக்கெடுப்பில், அழைத்தால் எடுக்காத நிறுவனங்களின் பட்டியலைச் சிவப்பு மையில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அவர் முதலில் எழுதிக் கொடுத்த குறிப்பு: "தொழிலாளர் பொருளியல், பொதுக் கொள்கை."

எல்லோரும் இப்படி வாரி வழங்கவில்லை. கோட்பாட்டுப் பக்கம் இருக்கும் இருவர் தங்கள் முதல் குறிப்பே சரியானது என்றார்கள், அது உண்மையும்கூட. ஒருவர் கணினி மென்பொருளின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர், தகுதித் தேர்வு முடிகிறவரை தமக்கு எதிலும் ஆர்வம் இல்லை என்று எழுதித் தரட்டுமா என்று கேட்டார். அவருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நான்தான்: "வளர்ச்சிப் பொருளியல் என்று போடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்."

இனி என் கதை.

விவசாயிகள் ஏன் பயிர்க் காப்பீடு எடுப்பதில்லை என்ற கேள்வியோடு நான் சேர்ந்தேன். சேருவதற்கான விண்ணப்பக் கட்டுரையில் அதைப் பற்றி இரண்டு பக்கம் உருகியிருந்தேன். இரண்டாம் ஆண்டில், மூன்று சுற்றுகளாக எடுக்கப்பட்ட ஓர் ஊரகக் குடும்பக் கணக்கெடுப்பின் தரவு கைக்கு வந்தது. அதில் காப்பீடு எடுத்திருந்த குடும்பங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். எடுக்காததற்குக் காரணம் தேட, எடுத்தவர்களும் கொஞ்சம் பேராவது வேண்டும். ஒரு பருவம் முழுவதும் அந்தக் கைவிரல் குடும்பங்களை வைத்து நான் செய்த கணக்குகளை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

அந்தச் சோர்வில்தான், வேறு வேலை இல்லாமல், நிலப்பரப்பு என்ற நெடுவரிசையை வரைபடமாக்கிப் பார்த்தேன். மலைபோல் ஏறி இறங்க வேண்டிய உருவம் சீப்புப் பல்லாக நின்றது. அரை ஏக்கரில் ஒரு கம்பம், ஒரு ஏக்கரில் இன்னும் உயர்ந்த கம்பம், ஒன்றரையில் ஒன்று, இரண்டில் ஒன்று, இடையில் எல்லாம் வெற்றிடம். பூமி இப்படியா துண்டு போட்டுக் கிடக்கும்? அந்தத் தரவில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள்: விவசாயியிடம் பரப்பைக் கேட்டதோடு நிற்காமல், கையடக்க ஜி.பி.எஸ். கருவியோடு வரப்பைச் சுற்றி நடந்தும் அளந்திருந்தார்கள். அந்த எண்களை வரைந்தால் சீப்பு மறைந்து மலை வந்தது. அடுத்து ஒரே வயலை மூன்று சுற்றுகளிலும் தொடர்ந்து பார்த்தேன். முதல் சுற்றில் 1 ஏக்கர், இரண்டாம் சுற்றில் 0.75, மூன்றாம் சுற்றில் மறுபடி 1. விற்கவில்லை, வாங்கவில்லை, வரப்பு நகரவில்லை. சொன்னவர் மாறியிருந்தார்: நடுச்சுற்றில் கணவருக்குப் பதில் மனைவி பதில் சொல்லியிருந்தார். அளந்த பரப்பு 0.7. அந்த அம்மாளுக்கு மனத்துக்குள் ஒரு வணக்கம் வைத்தேன்.

இது சில்லறை விஷயம் போலத் தெரியும். ஆனால் வேளாண் பொருளியலின் மிகப் பழைய சண்டைகளில் ஒன்று இதன் மேல்தான் நிற்கிறது. சிறு பண்ணைகளில் ஏக்கருக்கு விளைச்சல் அதிகம், பண்ணை பெரிதாக ஆக விளைச்சல் குறைகிறது என்ற தலைகீழ் உறவைப் பொருளியலாளர் சயானோவ் 1920-களில் ரஷ்யாவில் எழுதினார். இந்தியாவின் 1950-களின் பண்ணை மேலாண்மை ஆய்வுகளிலும் அது இருப்பதை அமர்த்தியா சென் 1962-இல் எடுத்துக்காட்டினார். அது உண்மையென்றால் பெரிய நிலங்களைப் பிரித்துக் கொடுப்பது நியாயம் மட்டுமல்ல, விளைச்சலுக்கும் நல்லது என்று வாதாடலாம். அரை நூற்றாண்டாக அதற்குக் காரணம் தேடினார்கள்: குடும்ப உழைப்பு, மண்ணின் தரம், கூலிச் சந்தையின் கோளாறு.

இதற்கிடையே அளவுகோல் சரிதானா என்ற சந்தேகமும் இருந்துகொண்டே இருந்தது. சிறிய வயல்காரர்கள் பரப்பைக் கூட்டிச் சொல்கிறார்கள், பெரிய வயல்காரர்கள் குறைத்துச் சொல்கிறார்கள் என்பது தெரிந்ததும், அளந்து பார்த்தால் தலைகீழ் உறவு மறைந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2013-இல் உகாண்டா தரவை ஜி.பி.எஸ். அளவோடு பார்த்த கட்டுரையில் நடந்தது நேர்மாறு: உறவு இன்னும் வலுத்தது. யோசித்தால் இதில் வியப்பில்லை. சிறிய வயலின் பரப்பு உண்மையில் இன்னும் சிறியது என்றால், அதே மூட்டைகளைக் குறைந்த பரப்பால் வகுக்கிறோம். ஏக்கர் விளைச்சல் ஏறத்தானே செய்யும்? பிறகு சிலர் வகுக்கப்படும் எண்ணையும் சந்தேகித்தார்கள். வயலில் ஒரு சதுரத்தைக் குறித்து, அதற்குள் விளைந்ததை அறுத்து எடை போட்டுப் பார்த்தார்கள். எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் இப்படிச் செய்து 2018, 2019-இல் வெளியான கட்டுரைகளில் தலைகீழ் உறவு கரைந்து போயிற்று. சிறு வயல்காரர் பரப்பை மட்டுமல்ல, மூட்டையையும் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்.

இதை ஒரு கருத்தரங்கில் சொன்னபோது, விவசாயிகள் பொய் சொல்கிறார்கள் என்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அரை ஏக்கர் என்பது விவசாயிக்கு ஓர் எண்ணே அல்ல, அந்த வயலின் பெயர். "அரை ஏக்கர் வயலுக்குப் போகிறேன்" என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் மனிதரிடம் போய்ப் பரப்பு என்ன என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? கேட்டவர்களான நாம்தான் பெயரை எண்ணாக எடுத்துக்கொண்டு மூன்று தசம இடம் வரை வகுத்தோம். ஜி.பி.எஸ். மட்டும் என்ன, மிகச் சிறிய வயலில் சில மீட்டர் பிசகினாலே கணக்கு கெட்டுவிடும். அங்கே கயிறும் திசைகாட்டியும்தான் இன்றும் மேல்.

காப்பீட்டைக் கைவிட்ட வெட்கத்தோடு நெறியாளரிடம் இதைக் கொண்டுபோனபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொருளியலாளர் ஸ்வி கிரிலிக்கஸ் 1957-இல் எழுதிய கட்டுரையைக் கையில் கொடுத்துப் படித்துவிட்டு வரச் சொன்னார். வீரிய ஒட்டு மக்காச்சோளம் அமெரிக்க மாநிலங்களில் பரவிய கதை அது. கிரிலிக்கஸின் முனைவர் பட்ட ஆய்விலிருந்து பிறந்தது. அயோவா விவசாயிகள் 1930-களிலேயே அந்த விதைக்கு மாறினார்கள், அலபாமா ஒரு பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கியது. தெற்கத்தியர்கள் பழமைவாதிகள் என்று சொல்லி முடித்திருக்கலாம். கிரிலிக்கஸ் அப்படி முடிக்கவில்லை. ஒவ்வொரு மண்ணுக்கும் தனியாக விதை உருவாக்க வேண்டியிருந்தது, சந்தை சிறிதாக இருந்த இடத்துக்கு விதை வணிகர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள், வந்த பிறகு பரவும் வேகத்தை லாபம் தீர்மானித்தது என்று காட்டினார். பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோவின் இந்தோனேசியக் கட்டுரையும் ஆய்வேட்டில் பிறந்ததுதான். 1970-களில் அங்கே கட்டப்பட்ட 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளை, மாவட்டத்தையும் பிறந்த ஆண்டையும் வைத்துப் பின்னாளைய கூலியோடு இணைத்தார். மக்காச்சோளமும் பள்ளிக் கட்டடமும் எந்தக் கையேட்டிலும் "ஆர்வம்" என்று இடம்பெற்றிருக்குமா என்று தெரியாது. இரண்டும் எண்ணிப் பார்க்கக்கூடிய பொருள்கள் என்பதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

நெறியாளரிடம் திரும்பிப் போனேன். "சரி, அந்த அரை ஏக்கரை எழுதுங்கள்" என்றார்.

இரண்டாம் சுற்றில் 23 குறிப்புகளையும் நானே புதிதாக எழுதி, அவரவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கினேன். "ஒரே நோய்க்கு இரண்டு பெயர் வந்தால் கணக்கில் என்ன ஆகிறது." "63-க்கு மேல் வெளிச்சம்." "தொலைபேசியை எடுக்காத நிறுவனங்கள்." இருவர் மட்டும் வேலை தேடும் ஆண்டில் விஷப்பரீட்சை வேண்டாம் என்று பழையதையே வைக்கச் சொன்னார்கள், அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். என் குறிப்பு ஒரே வரி: "விவசாயிகள் ஏன் அரை ஏக்கர் என்று சொல்கிறார்கள், அதை நாம் எப்படிப் படிக்கிறோம்."

அச்சிட்ட கையேடு போன வாரம் வந்தது. பெரும்பாலான குறிப்புகள் நான் கொடுத்தபடியே இருக்கின்றன. என்னுடையதை மட்டும் மெய்ப்பு பார்த்தவர் கையேட்டின் அளவு அலகுகளோடு ஒத்துப்போகும்படி திருத்தியிருக்கிறார். "விவசாயிகள் ஏன் 0.2 ஹெக்டேர் என்று சொல்கிறார்கள்" என்று இருக்கிறது. தரவை மறுபடி திறந்து தேடிப் பார்த்தேன். மூன்று சுற்றிலும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.